விருந்தாளிக்கு ஒரு வாய்பாடு

ஷாகிதாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். முக்காடு போட்டிருப்பதால் வகுப்பில் யாருக்கும் அது தெரிந்ததில்லை. அந்த நவம்பர் மாதம் முழுக்க அவள் காது ஆறவே இல்லை.

காரணம், பஸ் ஷெட்.

வேலப்பன்சாவடிப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில் அவள் பிரெஞ்சு ஆசிரியை. கட்டடத்துக்குப் பின்னால் பள்ளிப் பேருந்துகள் நிறுத்துவதற்கென்று ஒரு தகரக் கொட்டகை இருந்தது. புதிதாக வாங்கிய பேருந்துகள் உயரமாக இருந்ததால் அதற்குள் நுழையவில்லை. காலியாகக் கிடந்த இடத்தை வீணாக்குவானேன் என்று பள்ளியின் கரஸ்பாண்டன்ட் ஜம்புலிங்கம் யோசித்தார். அவர் எதையும் வீணாக்குகிற ஆள் இல்லை. பிளஸ் டூ மாதத் தேர்வில் கணக்கிலும் இயற்பியலிலும் கோட்டைவிட்ட பிள்ளைகளையெல்லாம் பொறுக்கியெடுத்து, அவர்களுடைய பெஞ்சுகளோடு கொண்டுபோய் அந்த ஷெட்டில் போட்டார். ‘ஸ்பெஷல் செக்‌ஷன்’ என்று அதற்குப் பெயர் வேறு வைத்தார். பெயர் வைப்பதில் மனுஷனுக்கு ஒரு குறையும் கிடையாது.

ஸ்பெஷல் செக்‌ஷனில் பாடம் நடத்த யாரும் போகமாட்டார்கள். தரையில் பழைய ஆயில் கறை, மூலையில் தேய்ந்த டயர்கள், மழை வந்தால் நாலாபக்கமும் ஒழுகல். அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஒருநாள் அதுவே வீட்டில் போய், “எனக்கு இந்த ஸ்கூல் வேணாம், டிசி வாங்கிக் குடுத்துடு” என்று சொல்லும். டிசி வாங்கிக்கொண்டு போனால் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம். பள்ளியின் கணக்கில் அந்தத் தோல்வி வராது. அடுத்த மே மாதம் சாலை முனையில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று ஃபிளெக்ஸ் போர்டு நிற்கும். அடித்தால் போலீஸ் கேஸாகும், திட்டினால் எவனாவது வீடியோ எடுப்பான், பஸ் ஷெட்டில் உட்காரவைத்தால் கேட்பதற்கு நாதியில்லை. முந்தின வருஷங்களில் தனியாக எழுதிக்கொள்கிறேன் என்று போன பிள்ளைகளில் பாதிப் பேர் எழுதாமலே போய், இன்றைக்குச் சூப்பர் மார்க்கெட்டுகளில் பில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஷாகிதாவே ஒருத்தியைப் பூந்தமல்லியில் பார்த்தாள். அந்தப் பெண் இவளைக் கண்டதும் குனிந்துகொண்டது.

பிரெஞ்சுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு இருந்தது. பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை ஒரே ஒருத்தி என்பதால், ஷெட்டுப் பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்து மூன்றாவது மாடிக்கு வந்தாக வேண்டும். அந்த ஒரு பீரியட்தான் அவர்களுக்கு மின்விசிறியும் கூரையும்.

பிரெஞ்சு அங்கே எப்படி வந்தது என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்தாவது வரை தமிழ் படித்த பிள்ளை, பிளஸ் ஒன்னில் திடீரென்று பிரெஞ்சுக்குத் தாவும். பாரிஸ் மீது காதல் வந்து அல்ல. அதில் மார்க் கொட்டும். கைடில் இருக்கிறதை அப்படியே மனப்பாடம் பண்ணி, உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் மேலே எழுதிவைத்து, பரீட்சைத் தாளில் இறக்கிவிட்டு வந்தால் தொண்ணூற்றெட்டு. எழுதின பிள்ளைக்கு அர்த்தம் தெரியாது. அது தெரியாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஷாகிதாவும் ஒரு காலத்தில் மார்க்குக்காக எடுத்தவள்தான். எடுத்த இடத்தில் அந்த மொழி பிடித்துத் தொலைத்துவிட்டது. அதிலேயே பட்டம் வாங்கினாள். அதுதான் வினையாகப் போயிற்று. அர்த்தம் புரிகிற ஒரே ஆள் அந்தப் பள்ளியில் அவள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், ஜோதிகா வாயைத் திறக்கும்வரை.

அன்று பாடம் ‘ப்ளூஸ்-கெ-பர்ஃபே’. ஒரு காரியம் நடப்பதற்கு முன்பே இன்னொரு காரியம் நடந்து முடிந்திருந்தால் அதைச் சொல்வதற்கு உள்ள இறந்தகாலம்.

“நீங்க பஸ் ஸ்டாப்புக்குப் போறீங்க. அதுக்குள்ள பஸ் போயிருந்துச்சு. போச்சு இல்ல, போயிருந்துச்சு. அந்த ‘இருந்துச்சு’தான் இது” என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னாள்.

எழுந்தவர்கள் எல்லாரும் கைடைத்தான் ஒப்பித்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவரின் பையன், நான் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்திருந்தேன் என்றான். ஆவடியிலிருந்து வருகிற பெண், பனி பெய்திருந்தது என்றாள். வெளியே மழை பிய்த்துக்கொண்டிருந்தது. இன்னொருத்தன் பாலாடைக்கட்டி தின்றிருந்தான்.

கடைசி வரிசையில் ஜோதிகா எழுந்தாள். மேனாம்பேட்டுப் பெண். ஷெட்டுக்காரி. சுடிதாரின் கீழ்விளிம்பு ஈரமாக இருந்தது.

“காந் ஜெ ஸுயி அரிவே, இல்ஸ் ஆவே ஸோர்த்தி நோ பான்” என்றாள்.

ஷாகிதாவின் கையில் இருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. அந்த வாக்கியம் கைடில் இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் வந்து சேர்ந்தபோது, அவர்கள் எங்கள் பெஞ்சுகளை வெளியே போட்டிருந்தார்கள்.

வகுப்பில் ஒருவருக்கும் புரியவில்லை. பாலாடைக்கட்டி தின்றவன் கொட்டாவி விட்டான்.

“யார் சொல்லிக் குடுத்தா இந்த வாக்கியத்த?”

“யாரும் இல்ல மிஸ். நானே செஞ்சேன். தப்பா?”

“ஒரு எழுத்து தப்பில்ல” என்றாள் ஷாகிதா. “ஜோதிகா, இத ஊட்ல சொன்னியா?”

“எத மிஸ்?”

“பெஞ்ச வெளிய போட்டத.”

ஜோதிகா இல்லை என்று தலையை ஆட்டினாள். “ஊட்ல சொன்னா அப்பா அழுவாரு மிஸ். அழுதுட்டு, வா டிசி வாங்கிக்கலாம்னுவாரு. எங்க ஊட்ல பிளஸ் டூ வரைக்கும் வந்தது நான்தான். நான் டிசி வாங்கமாட்டேன்.”

மற்ற ஷெட்டுப் பிள்ளைகள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் யாருக்கும் தெரியாது என்பது ஷாகிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜம்புலிங்கத்தின் கெட்டிக்காரத்தனமே அதுதான். பிள்ளைகளின் வெட்கத்தையே வாட்ச்மேனாகப் போட்டிருந்தார். சம்பளமில்லாத வாட்ச்மேன்.

பீரியட் முடிந்த கையோடு ஷாகிதா கீழே இறங்கி அலுவலக அறைக்குள் போனாள். ஜம்புலிங்கம் ஏசிக்கு நேராக உட்கார்ந்து, வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, ஒரு ஃபிளெக்ஸ் டிசைனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், அந்த ஷெட்டு ஒழுகுது. பிள்ளைங்க நனையுது. அவங்கள மேல கொண்டாந்துடுங்க.”

“இன்னா மிஸ், உங்க சப்ஜெக்ட்ல எல்லாம் பாஸு. உங்களுக்கு இன்னா கஷ்டம்?”

“எனக்குக் கஷ்டம் இல்ல சார். அவங்களுக்குத்தான்.”

“அவங்களுக்குக் கஷ்டம் இருந்தா அவங்க போலாம். கதவு தொறந்துதான கீது.” சிரித்தார். “பரீட்சைக்குப் பேரு அனுப்பற நேரம் வந்துகினு கீது. அதுக்குள்ள தானா போனா மரியாதையா போவும். இல்லன்னா நானே பேரண்ட்ஸக் கூப்ட்டுப் பேசவேண்டி வரும். அந்த மேனாம்பேட்டுப் பொண்ணு மேத்ஸ்ல முப்பது கூட எடுக்கல. அத வச்சிகினு நான் இன்னா பண்றது, பூஜையா?”

ஷாகிதாவின் காது எரிந்தது. இந்த ஆளிடம் கெஞ்ச வேண்டியிருக்கிற கையாலாகாத்தனம்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

“அத வுடுங்க. உக்காருங்க. உங்களுக்கு ஒரு நல்ல சேதி” என்றார் ஜம்புலிங்கம்.

சேதி இதுதான். நெடுஞ்சாலையில் புதிதாக வந்திருக்கும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி, பள்ளிக்குக் கம்ப்யூட்டர் அறை கட்டிக்கொடுக்கப் போகிறது. அதற்காக அவர்களுடைய பெரிய அதிகாரி வருகிறார், அசல் பிரெஞ்சுக்காரர். பெற்றோர்களையும் கூப்பிட்டு விழா.

“நம்ம ஸ்கூல்ல ஃபிரெஞ்சு இருக்குன்னு அவருக்குத் தெரியணும். பசங்க மேடையில நின்னு ஃபிரெஞ்சு சொல்லட்டும்.”

“பேசட்டுமா சார்? ஒரு நாடகம் மாதிரி...”

ஜம்புலிங்கம் அவளை விநோதமாகப் பார்த்தார். “பேசறதா? ஃபிரெஞ்சுலயா? அதெல்லாம் எதுக்கு மிஸ். அந்த வெர்ப்பு சொல்லுவாங்களே, ஜே, த்யூன்னு, வரிசையா... வாய்பாடு மாதிரி. அத சொல்லச் சொல்லுங்க. நல்லா நீளமா வர்ற டென்ஸா பாத்து எடுங்க. கேக்க கெத்தா இருக்கணும்.”

வீட்டுக்கு வந்த விருந்தாளியை உட்காரவைத்து, வாங்க என்று ஒரு வார்த்தை கேட்காமல், ஏழாம் வாய்பாடு ஒப்பிப்பதுபோல இது. ஷாகிதாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதினைந்து வருஷமாக இந்தப் பள்ளியில் பிரெஞ்சு நடக்கிறது. அதில் ஒரு மனுஷனிடம் இன்னொரு மனுஷன் எதையாவது சொல்லலாம் என்று இந்த ஆளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

“ப்ளூஸ்-கெ-பர்ஃபே இருக்கு சார். அதுதான் நீளம்.”

“அதான், அதான். பேரே நல்லா கீது. ஆறு பசங்க போதும். ஷெட்டுப் பசங்க வேணாம்.”

“ஜோதிகா வேணும் சார். உச்சரிப்பு அவளுக்குத்தான் சுத்தம். வர்றவரு பிரெஞ்சுக்காரரு. மத்தவங்க சொன்னா அவருக்குத் தமிழ்னு தோணும்.”

ஜம்புலிங்கம் யோசித்தார். கம்ப்யூட்டர் அறை அவர் கண்ணில் வந்துபோனது. “சரி. ஒரே வரி. கடைசியா நிக்கட்டும்.”

அன்று மாலை வீட்டில் கணவன் ராஷித்திடம் ஷாகிதா எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் பூந்தமல்லி கடைத்தெருவில் செல்போன் சர்வீஸ் செய்பவன். யாருடைய வம்புக்கும் போகாதவன்.

“இன்னும் நாலு மாசத்துல பரீட்சை முடிஞ்சிரும். அதுவரைக்கும் பொறுத்துக்க ஷாகிதா. ஊரு பிரச்சினையெல்லாம் தலையில ஏத்திக்காத.”

“நாலு மாசத்துக்குள்ள அந்தப் புள்ளைங்க வெளிய போயிருக்கும் மச்சான்.”

“நீ சொன்னா அந்தாளு கேப்பானா?”

“கேக்கமாட்டான்.”

“பின்ன?”

ஷாகிதா வெங்காயத்தை எடுத்து நறுக்கத் தொடங்கினாள். தேவைக்கு மேல் நறுக்கினாள். மறுநாள் காலை எல்லாருக்கும் வெங்காய ஊத்தப்பம் கிடைத்தது.

மறுவாரம் விழா நடந்தது. கீழ்த்தளத்து மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, மேடையில் பொன்னாடைகளை அடுக்கி, வாசலில் இரண்டு பெண்களைப் பன்னீர்ச் செம்போடு நிறுத்தியிருந்தார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பெற்றோர்கள் வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். ஜோதிகாவின் அப்பா உதயகுமார் ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். கம்பெனி பெயர் போட்ட நீலச் சட்டையோடு நேராக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவள் அம்மா வடிவு, தலையில் மல்லிகையும் மடியில் குடையுமாக. பெண் மேடையில் ஏறி பிரெஞ்சு சொல்லப்போகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரரிடம், “அதோ, கடைசில நிக்குதே, அது நம்ம பொண்ணுதான்” என்று உதயகுமார் காட்டிக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சுக்காரர் உயரமாக, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை, நெற்றியில் குங்குமம் என்று ஒன்றுவிடாமல் ஏற்றிவிட்டார்கள். எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்தபடியே இருந்தார்.

ஆறு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஷாகிதா மேடை ஓரத்தில்.

“ஜாவே பர்லே” என்று முதலாமவன் தொடங்கினான். நான் பேசியிருந்தேன்.

“த்யூ ஆவே பர்லே.”

“இல் ஆவே பர்லே.”

விருந்தாளியின் புருவம் மேலே போனது. என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. யார் பேசியிருந்தார்கள், எதைப் பற்றி? பக்கத்தில் இருந்த ஜம்புலிங்கம் தாளம் போடுவதுபோல விரலால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

“நூஸ் ஆவியோன் பர்லே.”

“வூஸ் ஆவியே பர்லே.”

கடைசியாக ஜோதிகா. “இல்ஸ் ஆவே...” என்றாள். நிறுத்தினாள். அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு விருந்தாளியின் பக்கம் முழுவதுமாகத் திரும்பி நின்று, மூச்சுவிடாமல் பிரெஞ்சில் சொன்னாள். அவள் சொன்னது இது:

“ஐயா, நான் வந்தபோது இவர்கள் எங்கள் பெஞ்சுகளை வெளியே போட்டிருந்தார்கள். பஸ் நிறுத்துகிற இடத்தில் எங்களை உட்காரவைத்திருந்தார்கள். மழை பெய்கிறது. ஆசிரியர்கள் வருவதில்லை. நாங்கள் பள்ளியை விட்டுப் போக வேண்டும் என்று இவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நாங்கள் பரீட்சை எழுத வேண்டும்.”

இரண்டு இடத்தில் தடுக்கியது. ஆனால் ஒரு பிரெஞ்சுக்காரனுக்குப் புரியாமல் போகிற தடுக்கல் இல்லை. அவருக்குப் புரிந்தது என்பதை ஷாகிதா தன் கண்ணால் பார்த்தாள். அவருடைய சிரிப்பு ஒரு கணம் வடிந்தது. பார்வை ஜன்னல் வழியாகப் பின்பக்கம் போயிற்று. அங்கே தகரக் கூரையின் விளிம்பு தெரிந்தது. பார்வை திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் அறைத் தொடக்கத்துக்காக மேஜையின் மேல் வைத்திருந்த ரிப்பனையும் கத்தரிக்கோலையும் பார்த்தார். பிறகு சிரிப்பு பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

“பிராவோ! எவ்வளவு அழகான உச்சரிப்பு!” என்று பிரெஞ்சில் சொல்லிக் கைதட்டினார்.

மண்டபமே தட்டியது. உதயகுமார் எழுந்து நின்று தட்டினார். ஜோதிகா மட்டும் தட்டவில்லை. மேடையில் அப்படியே நின்றாள். கடலைக் கடந்து வந்தவனுக்கு அவனுடைய பாஷையிலேயே சொல்லியாயிற்று, இனி யாரிடம் சொல்வது என்பதுபோல அவள் முகம் இருந்தது.

அந்த முகத்தைப் பார்த்ததும் ஷாகிதாவுக்கு வந்த கோபம் காதோடு நிற்கவில்லை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை இறங்கியது. இந்த வெள்ளைக்காரன் மேல் கோபம், இந்தப் பொன்னாடை மேல் கோபம், ஒழுகுகிற தகரத்தைக் காட்டிலும் உச்சரிப்புதான் இவனுக்குப் பெரிதாய்ப் போயிற்றா என்று கோபம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்த அந்த விரலின் மேல் கோபம்.

ஜம்புலிங்கத்துக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மைக்கைப் பிடித்தார்.

“பாத்தீங்களா பேரண்ட்ஸ்! நம்ம பொண்ணு ஃபிரெஞ்சுலயே ஸ்கூலப் பத்தி எவ்ளோ சொல்லிச்சு! சாரே அசந்துட்டாரு! மிஸ், வாங்க, அது இன்னா சொல்லிச்சுன்னு தமிழ்ல சொல்லுங்க. பேரண்ட்ஸும் சந்தோஷப்படட்டும்.”

மைக்கை அவளிடம் நீட்டினார். தானாகவே நீட்டினார். தான் பதினைந்து வருஷமாக விற்றுக்கொண்டிருந்த சரக்குக்குள் அர்த்தம் என்று ஒன்று இருக்கும் என்பது அந்த மனுஷனுக்குக் கடைசிவரை தோன்றவேயில்லை.

ஷாகிதா வாங்கிக்கொண்டாள். ராஷித்தின் ‘பின்ன’ அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வேலை ஞாபகம் வரவில்லை. ஜோதிகாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

“சார் சொல்லச் சொன்னாரு, சொல்றேன். ஜோதிகா சொன்னதுல ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல. அவ ஸ்கூலுக்கு வந்தப்போ அவளோட பெஞ்ச வெளிய தூக்கிப் போட்டிருந்தாங்களாம். அவளையும் இன்னும் பல பேரையும் பின்னால பஸ் ஷெட்டுல உக்காரவச்சிருந்தாங்களாம்.”

கைதட்டல் அங்கங்கே விட்டுவிட்டு நின்றது.

“மிஸ்” என்றார் ஜம்புலிங்கம்.

“மழை பெய்யுதாம். வாத்தியாருங்க யாரும் வர்றதில்லையாம். இவங்களா டிசி வாங்கிட்டு ஓடணும்னு முடிவு பண்ணிருந்தாங்களாம்...”

மைக் செத்தது. யாரோ ஸ்விட்சை அணைத்திருந்தார்கள். நாற்பது பிள்ளைகள் போடும் சத்தத்துக்கு மேலே தினமும் கத்திக் கத்திப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு? ஷாகிதா அதை மேஜையில் வைத்தாள்.

“இவங்க பரீட்சை எழுதணுமாம்! அவ்ளோதான் கேக்குது இந்தப் பொண்ணு! அத நம்ம கிட்ட தமிழ்ல கேக்க வெக்கப்பட்டுகினு, ஊர் பேர் தெரியாதவரு கிட்ட பிரெஞ்சுல கேக்குது! அவரும் உச்சரிப்பு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு!”

ஜம்புலிங்கம் இரண்டு கையையும் தூக்கி, “பேரண்ட்ஸ், அது ஸ்பெஷல் கோச்சிங். காத்தோட்டமா இருக்கட்டும்னு...” என்று ஆரம்பித்தார்.

உதயகுமார் வரிசையை விட்டு வெளியே வந்து மேடைக்குக் கீழே நின்றார். ஜம்புலிங்கத்தை அவர் பார்க்கவே இல்லை. மகளைத்தான் பார்த்தார்.

“மிஸ்ஸு சொல்றது நெசமாம்மா?”

ஜோதிகா ஆமென்று தலையாட்டினாள்.

“எத்தினி நாளா?”

“தீபாவளி லீவு முடிஞ்சதுலேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ அழுவ நைனா.”

உதயகுமார் அழவில்லை. முகம் மட்டும் கல்லாகிவிட்டது. “எங்க கீது அந்த ஷெட்டு?” என்று கேட்டார். ஜோதிகா ஜன்னலைக் காட்டினாள். அவர் விறுவிறுவென்று நடந்தார். வடிவு குடையை மறந்துவிட்டுப் பின்னால் ஓடினாள். இன்னும் சில பெற்றோர்கள் தங்கள் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் தலையைக் குனிந்தார்கள். அதுவே பதிலாகப் போதுமானதாக இருந்தது. நாற்காலிகள் உருண்டன. எல்லாரும் போகவில்லை. மாடி வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் தங்கள் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் நடந்ததுதான்.

ஷெட்டில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. பெஞ்சுகளின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்திருந்தார்கள், பிள்ளைகளே வைத்தது. வடிவு ஒரு பெஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். ஈரம். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள். மேனாம்பேட்டில் தண்ணீர் லாரி வராத அன்றைக்கு மட்டும் கேட்கிற வார்த்தை அது, இங்கே எழுத முடியாது.

ஜம்புலிங்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஷெட் வாசல்வரை வந்துவிட்டார். விருந்தாளியும் பின்னாலேயே வந்தார். தமிழில் நடந்தது என்ன ஏது என்று புரிந்ததோ இல்லையோ, செல்போன் மட்டும் அவர் கையில் உயர்ந்தே இருந்தது.

“நீங்க நாளைக்கு வேலைக்கு வராதீங்க” என்று ஜம்புலிங்கம் ஷாகிதாவின் காதருகே பல்லைக் கடித்தார்.

“அத நாளைக்குப் பேசிக்கலாம் சார். இப்போ இவங்களுக்குப் பதில் சொல்லுங்க.” குரலை அவள் தணிக்கவில்லை. “பரீட்சைக்குப் பேரு அனுப்பறப்போ இந்தப் பிள்ளைங்க பேரு ஸ்கூல் பேர்ல போகுமா, போகாதா? எல்லாரும் இருக்காங்க. சத்தமா சொல்லுங்க.”

நனைந்த சட்டையும் நனைந்த புடவையுமாக அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். செல்போனும் பார்த்தது.

“போவும். யாரு போவாதுன்னது?” என்றார் ஜம்புலிங்கம்.

“கேக்கல சார்” என்றது ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

“எல்லார் பேரும் போவும்!” கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது.

உதயகுமார் அதற்குள் ஒரு பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கிவிட்டார். கிடங்கில் நாள் முழுக்கப் பாரத்தோடு புழங்குகிறவருக்கு அது பெரிய கனமில்லை. ஆனால் நீளமான பெஞ்சு, ஒற்றை ஆளாய்த் திருப்ப முடியவில்லை. வாசலை மறித்துக்கொண்டு ஜம்புலிங்கம் நின்றார். ஷாகிதா மறுமுனையைப் பிடிக்கக் குனிந்தாள்.

“நீ வுடும்மா” என்றார் உதயகுமார். “சார், சும்மாதான நின்னுகினு கீறீங்க. அந்தப் பக்கம் புடிங்க.”

ஜம்புலிங்கம் செல்போனைப் பார்த்தார். அதன் பின்னால் இருந்த வெள்ளை முகத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வேட்டியை விட்டுவிட்டுக் குனிந்தார். வேட்டியின் ஓரம் தண்ணீரில் விழுந்து ஊறியது. பெஞ்சின் முனையைப் பிடித்தார்.

“மூணாவது மாடி, சார்” என்றார் உதயகுமார். “பாத்து மெதுவா வாங்க. இன்னும் நெறைய பெஞ்சு கீது.”